சல்லாவிலிருந்து வந்த குப்பி

கம்பளிக் காலுறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள்.
ரோவனியெமியில் வண்டி மாறி
ஊலுவுக்கு வந்து சேர்ந்தபோது
காலுறையும் விறைத்திருந்தது.
குப்பிக்குள் மஞ்சள் பனிக்கட்டி.
சீட்டில் பென்சில் எழுத்து:
ஓத்ஸோ கெல்லொகும்பு, பதினான்கு மாதம்.
கீழே, யாரும் கேட்காத ஒரு வரி:
'இன்னும் உட்காரவில்லை. நன்றாகச் சிரிக்கிறான்.'

சிரிப்பை அளக்க எங்களிடம் கருவி இல்லை.
சிறுநீரை உருக்கினேன்.
தகட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து
ரிசார்சினால் தெளித்துச் சூடேற்றினேன்.
நல்ல குழந்தைகளுக்கு
(மன்னிக்கவும், ஆய்வகத்தில் அப்படித்தான் பேசுவோம்)
ஊதினால் போய்விடும் ஒரு கறை.
இவனுக்கோ
ஜனவரியில் பகல் மூன்று மணிக்கு
எங்கள் சன்னலில் வந்து நிற்கும் நீலம்.

சயாலிக் அமிலம்.
பெயருக்குள் இருப்பது எச்சில்.
முதலில் பிடிபட்டது மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பியில்;
நீங்கள் இப்போது விழுங்கினீர்களே, அந்த வழவழப்பிலும் உண்டு.
ஒன்பது கார்பன் கைகோத்த சர்க்கரை,
செல்லின்மேல் முளைத்த கிளைகளில்
அநேகமாய்க் கடைசி இலை.
எதிர்மின்னைச் சுமந்து நிற்பதால்
ஒரு சிவப்பணு இன்னொன்றிடம்
'கொஞ்சம் தள்ளி நில்' என்கிறது.
தள்ளி நிற்பதால்தான் ஓடுகிறது ரத்தம்.
இலை உதிர்ந்த அணுவை
ஈரல் அடையாளம் கண்டு அழைத்துக்கொள்கிறது.
சளிக்காய்ச்சல் கிருமி
உள்ளே வர இதைத்தான் பற்றும்,
வெளியேற இதைத்தான் வெட்டும்.
தாய்ப்பாலில் இருக்கிறது. மூளையில் நிறைய.

வில்ஹோ கெல்லொகும்புவின் கலைமான்களிடம்
இதுவே இன்னொரு வடிவில்,
ஒரேயொரு ஆக்சிஜன் கூடுதலாய்.
அதைச் சேர்க்கும் கைப்பக்குவத்தை
மனிதர்கள் என்றோ தொலைத்துவிட்டோம்.
இந்தக் கணக்கில்
மானுக்கும் மேய்ப்பவனுக்கும் நடுவே
வேலி அவ்வளவுதான்.

இத்தனை நல்லது எப்படி நோயாகும்?
மார்ச்சில் இர்யா நேரில் வந்து கேட்டாள்.
மருத்துவர் ஒரு வட்டம் வரைந்தார்.
செல்லுக்குள் ஒரு சிற்றறை,
பழைய கிளைகளை உடைத்துத்
திரும்பப் புழங்க வெளியே அனுப்பும் இடம்.
உடைக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது.
கதவுதான் திறக்கவில்லை.
அளவுக்கு மிஞ்சி உண்ட அமுதமல்ல இது,
போக வழியின்றித் தங்கிவிட்ட அமுதம்.

இர்யா வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
'வில்ஹோ கட்டிய வீட்டில்
கதவு உள்பக்கம் திறக்கும்.
எவ்வளவு பனி விழுந்தாலும்
இழுத்துத் திறந்து, தோண்டி, வெளியே வந்துவிடலாம்.
இந்தக் கதவை யார் செய்தது?'
மருத்துவர் பேனாவை மூடினார்.

பதினோரு ஆண்டு கழித்து அச்சில் வந்தது:
முப்பத்தொன்பதாம் இடத்தில்
ஆர்ஜினின் இருக்க வேண்டியது, சிஸ்டீன் இருக்கிறது.
ஓர் எழுத்துப் பிழை.
அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று;
பக்கத்துக் காட்டிலேயே பெண்ணெடுத்து
பக்கத்துக் காட்டிலேயே புதைந்த ஊர்.
எனக்கும் அதே ஊர்தான்.
ஒரு மதியம், எல்லோரும் காப்பிக்குப் போனபின்
என் ரத்தத்தையும் வரிசையில் வைத்தேன்.
இரண்டில் ஒன்று.
நான் பிள்ளை பெறவில்லை;
அதற்குக் காரணம் இதல்ல,
ஆனால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்
இதுவரை சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற வாரம் இழுப்பறையைக் காலி செய்தேன்.
அடியில் அந்தக் காலுறை.
சாம்பல் நிறம், குதிகாலில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு.
எடுத்துக்கொண்டு சல்லாவுக்குப் போனேன்.
முப்பத்தைந்து வயது ஓத்ஸோவிடம்
இருபது சொற்கள் இருக்கலாம்.
நாம் பேசுவதில் பெரும்பாலானது புரியும் என்றாள் இர்யா,
'அதனால் பார்த்துப் பேசு.'
பார்த்துப் பேச எனக்கு ஒன்றும் வரவில்லை.
நடுங்கும் விரல்களால்
அவன் காலுறையை வாங்கினான்,
வெகுநேரம் முயன்று கையில் மாட்டினான்,
பிறகு அந்தக் கையை நீட்டினான்,
குலுக்கச் சொல்லி.